கோரம் இல்லாத கூட்டம்

என் மகளின் கொலுசில் ஒரு மணி தளர்ந்திருந்தது. அவளுக்கு அப்போது ஒன்றரை வயது, கையில் அகப்பட்டதை எல்லாம் வாயில் போட்டுப் பார்ப்பாள். அந்த மணி கழன்று, அவள் அதை விழுங்கி, அது மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கி, அந்நேரம் நான் கிளினிக்கில் யாருக்கோ இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்து... மருத்துவம் படித்ததில் எனக்குக் கிடைத்தது இதுதான். மற்ற தாய்மார்கள் பொதுவாகப் பயப்படுகிறார்கள். நான் உறுப்பு உறுப்பாகப் பயப்படுகிறேன். இரண்டு கொலுசையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சுங்கை பினாங் பிளாட்டில் அவளை விட்டபோது அக்கா முதலில் கேட்டது அதைத்தான்.

"கொலுசு எங்கம்மா?"

"மணி லூசா இருக்குக்கா. முழுங்கிடுவாளோன்னு பயமா இருக்கு."

"நான் பாத்துக்க மாட்டேனா? போட்டு விடுங்க லா."

"ரிப்பேர் பண்ணிட்டுப் போடுறேன்கா."

அக்கா என்று நான் சொல்வது, பகல் முழுவதும் என் மகளைப் பார்த்துக்கொண்டவரை. ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. லாரி ஓட்டும் தம்பியின் பிளாட்டில் நான்காவது மாடியில் இருந்தார். தம்பி பெரும்பாலும் சாலையில்தான் இருப்பார். நாங்கள் ஆயர் ஈத்தாமில் குடியிருந்தோம். நான் அரசு கிளினிக்கில் டாக்டர், கணவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். என் மகள் எங்கள் இருவரைவிட அக்காவிடம்தான் அதிகம் சிரித்தாள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அடுத்த நாளும் கொலுசைப் பற்றிக் கேட்டார். அதற்கடுத்த நாள் மாலையில் நான் போனபோது, பாசாரில் வாங்கிய கறுப்புக் கயிற்றில் சலங்கை மணிகளைக் கோத்து என் மகளின் காலில் கட்டியிருந்தார். என் கொலுசு மணியைவிட அவை சிறியவை, இன்னும் எளிதாக விழுங்கலாம். எனக்குக் கோபம் வந்தது. சொல்லலாமா வேண்டாமா, சொன்னால் மனம் நோகுமோ என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அவர் சமையல் மேடையில் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இடது கையின் ஆள்காட்டி விரலைக் கோப்பைக்குள் மடக்கி வைத்திருந்தார். தேநீர் விரலைத் தொட்டதும் ஊற்றுவதை நிறுத்தினார்.

நோயாளிகள் அப்படி ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

"எவ்வளவு நாளாக்கா?"

"எது?"

"கண்ணு."

கோப்பையை மேடையில் வைத்தார். பிறகு சிரித்தார். "டாக்டர் பிள்ளைய வெச்சிக்கிட்டு ஒண்ணும் ஒளிக்க முடியாது போல. வலது கண்ணுல ஒரே கறுப்பு கறுப்பா, கொசு பறக்குற மாதிரி. எடது பரவால்ல. பாப்பா எங்க நிக்கிறா, எங்க ஓடுறான்னு கொலுசு சொல்லிடும்மா. அதான் கேட்டேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சார்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். சார் என்றால் என் கணவர்.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது எனக்குத் தெரியும். கண்ணுக்குள் போயிருப்பதுதான் தெரியாது. அரசு மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, அங்கே லேசர் இருக்கிறது. எங்களைப் போன்ற குடிமக்களுக்கு அங்கே கட்டணம் என்பது பெயருக்குத்தான். ஆனால் அக்காவின் அடையாள அட்டை பச்சை நிறம். கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டதால், பிறந்த நாட்டிலேயே தற்காலிகமாகத் தங்கியிருப்பவர் என்ற அட்டைதான் கிடைத்தது. மருத்துவமனையில் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம். ஒருமுறை போயிருக்கிறார். முகப்பில் பாஸ்போர்ட் கேட்டார்களாம்.

"நான் எந்த நாட்டுக்குப் போய் பாஸ்போர்ட் எடுக்கிறது, சொல்லுங்க?" என்று என்னிடம் கேட்டார். அதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அன்றைக்கே நான் ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். பார்வை மங்கிக்கொண்டிருப்பவரிடம், நான்காவது மாடியில், ஓடப் பழகிவிட்ட குழந்தையை விடலாமா? கூடாது. இன்னொரு தாய் வந்து என்னிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஆனால் குழந்தையை எடுத்துவிட்டால் அக்காவுக்கு இருக்கும் ஒரே வருமானம் போய்விடும், மாத்திரைக்கும் ஊசிக்கும் வழியில்லாமல் கண் இன்னும் சீக்கிரம் போய்விடும். கண்ணைச் சரிசெய்துவிட்டால் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். கறுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கொலுசை ஆசாரியிடம் கொடுத்து மணியைப் பற்றவைத்து மறுபடி மாட்டிவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை.

சூலியா தெருவில் ஒரு மூத்த டாக்டர் சின்ன கிளினிக் வைத்திருந்தார். மேசையில் எப்போதும் ஆறிப்போன தேநீர் ஒன்று இருக்கும். அக்காவை அவரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை மாத்திரைகளைக் காசு வாங்காமல் கொடுத்தார். அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

"மாத்திரை நான் தரலாம்மா. லேசருக்கு நான் எங்க போவேன்? எங்கிட்ட இருக்கிறது டார்ச் லைட்டு."

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்கள் மருத்துவர் சங்கத்தின் கிளைப் பொதுக்கூட்டத்துக்கு அவர் ஆண்டுதோறும் கொடுக்கும் தீர்மானம். இந்த நாட்டில் வாழும் எவருக்கும், கையில் இருக்கும் அட்டை எந்த நிறமானாலும், ஒரே கட்டணத்தில் அரசு மருத்துவம் கிடைக்க வேண்டும்; அதைச் சங்கத்தின் நிலைப்பாடாக ஏற்று அரசிடம் வலியுறுத்த வேண்டும். இவ்வளவுதான். ஆண்டுதோறும் அது தோற்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"தோத்தா சந்தோஷப்படுவேனே. ஓட்டுக்கே வந்ததில்ல. கோரம் இருந்தாத்தானே ஓட்டு?"

அந்தக் கிளையின் செயலாளர் நான்தான். யாரும் ஏற்காத பொறுப்பு, மறுக்கத் தெரியாததால் அந்த ஆண்டு நடுவில் எனக்கு வந்தது. விதி எனக்குத் தெரியும். பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது நாற்பது பேர் வர வேண்டும், அதுதான் கோரம். வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு எத்தனை பேர் இருந்தாலும் கூட்டத்தை நடத்தலாம். கணக்கை ஏற்கலாம், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் உறுப்பினர் எல்லோரையும் கட்டுப்படுத்தும் எந்தத் தீர்மானத்தையும் எடுக்க முடியாது. ஆகவே அவருடைய தாளை எதிர்க்க யாரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கவில்லை. வராமல் இருந்தால் போதும்.

"இந்தத் தடவை ஆள் கொண்டு வருவோம் டாக்டர்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

வழி ஒன்று தோன்றியது. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க எங்களுக்குப் பயிற்சிப் புள்ளிகள் தேவை. உரை கேட்டால் புள்ளி கிடைக்கும். வழக்கமாக உரை முதலில் நடக்கும். புள்ளியை வாங்கிக்கொண்டு எல்லோரும் கூட்டத்துக்கு முன்பே போய்விடுவார்கள். இந்த முறை உரையைக் கூட்டத்துக்குப் பின்னால் தள்ளினேன். வருகையைப் பதியும் சதுரக் குறியீட்டைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே மண்டப வாசலில் ஒட்ட ஏற்பாடு செய்தேன். போனில் அதை ஸ்கேன் செய்து உள்ளே வந்தால்தான் புள்ளி. செயற்குழுவில் யாரும் மறுக்கவில்லை. மூத்த டாக்டர் போனில் என்னைப் பாராட்டினார். நான் அப்போது அக்காவின் வாசலில் நின்றிருந்தேன், மகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும் அக்கா கேட்டார். "என்னம்மா அது, கோரம் கோரம்னு? கோர விபத்துன்னு நியூஸ்ல சொல்வாங்களே, அதுவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லக்கா. கூட்டத்துக்கு வர வேண்டிய ஆள் கணக்கு. இங்கிலீஷ் வார்த்தை. அது வந்தாத்தான் உங்க கண்ணுக்கு ஒரு வழி கேக்க முடியும்."

"பேரே நல்லா இல்லையே" என்றார் அக்கா.

இப்போது யோசித்தால், சங்கம் தீர்மானம் போட்டவுடன் மருத்துவமனை முகப்பில் பாஸ்போர்ட் கேட்பதை நிறுத்திவிடுவார்கள் என்று நான் நம்பினேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கிளை ஏற்றால் தேசியக் கூட்டத்துக்குப் போகும், அங்கே ஏற்றால் அமைச்சுக்கு ஒரு மனு போகும். அந்த வேகத்துக்கு எந்தக் கண்ணும் காத்திருக்காது. ஒரு டாக்டருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு, மகளை அங்கேயே தொடர்ந்து விட்டுவர எனக்குத் தேவைப்பட்டது.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். திருப்பலிக்குப் போகவில்லை. கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு மாதா கோவிலுக்குப் போனார், "உனக்கும் சேத்து வேண்டிக்கிறேன் போ" என்று சொல்லிவிட்டு.

வாசலில் குறியீட்டை ஒட்டினேன். மண்டபத்தின் முன்பக்கத் திரையில் வருகைப் பதிவு தெரிந்தது. ஒவ்வொருவர் ஸ்கேன் செய்யும்போதும் எண் ஒன்று கூடும். பத்து, பதினைந்து என்று ஏறியது. தாளை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு மூத்த டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டை புதிது.

எண் முப்பதைத் தாண்டியபோது திரும்பிப் பார்த்தேன். நாற்காலிகள் காலியாக இருந்தன. வாசலில் யாரோ இருப்பார்கள், தேநீர் மேசையில் இருப்பார்கள் என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். இல்லை. உள்ளே வந்தபோது திரையில் நாற்பத்து மூன்று. என் போன் அதிர்ந்தது. கிளையின் வாட்சப் குழுவில் யாரோ வாசலில் ஒட்டியிருந்த குறியீட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். கீழே நன்றி சொல்லும் கைகளாக ஒரு வரிசை. வீட்டில், கடைத்தெருவில், பேரங்காடியில் இருந்தபடியே எல்லோரும் புள்ளி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

குறியீட்டை நேரத்துக்கு நேரம் மாறுவதுபோல் வைத்திருக்கலாம் என்று யாரோ பிறகு சொன்னார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

கிளைத் தலைவர் மேடைக்கு வந்தார். தனியார் மருத்துவமனை ஒன்றில் கண் நிபுணர். பயிற்சி டாக்டராக நான் இருந்த காலத்தில் அவர் அரசு மருத்துவமனையில் இருந்தார், எனக்குக் கற்றுக்கொடுத்தவர். எங்கள் மீது ஒருநாளும் குரல் உயர்த்தாதவர். திரையைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செயலாளர், கோரம் இருக்கா?"

மூத்த டாக்டர் திரும்பவில்லை. அவருடைய பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். பதிவு இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன. தங்கள் புள்ளி போய்விடும் என்பதால் அந்தப் பெயர்க்காரர்களில் ஒருவர்கூட நாங்கள் அங்கே இல்லை என்று சொல்ல மாட்டார். உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் கைதூக்கியிருந்தாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும்.

"திரையில இருக்கு டாக்டர்" என்றேன். "ஹால்ல இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அரை மணி நேரம் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்த அரை மணி நேரத்தில் தேநீரோடு வைத்த கறிபாப் பலகாரம் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஆயர் ஈத்தாமில் கிளினிக் வைத்திருக்கும் ஒருவர் என் தட்டில் இன்னொன்றை வைத்தார். "அடுத்த வருஷம் பிரியாணி போடுங்க டாக்டர். கோரம் தானா வரும்."

பக்கத்தில் இருந்தவர், "ஊருக்கெல்லாம் ஒரே கட்டணம்னா நம்ம கிளினிக்க மூடிட்டு நாசி கண்டார் சோத்துக்கடைதான் போடணும்" என்றார்.

"உன் கை ருசிக்கு அதுவும் ஓடாது லா."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கறிபாப் வைத்தவர், தன் கிளினிக்கில் காசில்லாமல் வருபவர்களைத் திருப்பி அனுப்பியதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நானும் அந்தக் கறிபாப்பைச் சாப்பிட்டேன். பசித்தது.

பிறகு கூட்டம் நடந்தது. கணக்கை ஏற்றோம். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தோம், என்னை மறுபடியும். மூத்த டாக்டர் தாளை வாசிக்க அனுமதிக்கப்பட்டார். தீர்மானம் கவனத்தில் கொள்ளப்பட்டது என்று தலைவர் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

காடி நிறுத்தும் இடத்தில் மூத்த டாக்டரிடம் கேட்டேன். "நான் இருக்குன்னு சொல்லியிருக்கணுமா டாக்டர்?"

"சொல்லியிருந்தா பாஸ் ஆகியிருக்கும். அப்புறம் எவனாவது எண்ணிப் பாத்து செல்லாதுன்னு எழுதுவான். அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு அதத் தொட மாட்டாங்க." சாவியைச் சட்டைப்பையில் தேடினார். "இப்ப மட்டும் தொட்டுடப் போறாங்களா? அடுத்த வருஷம் நீ கொண்டு வா. நான் வந்து ஒரு நாற்காலியில உக்கார்றேன். ஒரு ஆள் கணக்கு."

தலைவர் எங்களைத் தேடி வந்தார். தாளை வாசித்தபோது மூத்த டாக்டர் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொன்னது அவருக்கு நினைவில் இருந்தது. என்னிடம் மெல்லிய குரலில், "அந்த அம்மாவ என் கிளினிக்குக் கூட்டிட்டு வாம்மா. நான் பாத்து விடுறேன். காசு வேணாம். யார்கிட்டயும் சொல்லிடாத, வரிசை கட்டிடுவாங்க" என்றார்.

நன்றி சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். மூத்த டாக்டர் காடிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அக்கா, "கோரம் வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"வரலக்கா."

"வராம இருந்தா நல்லதுதானே" என்றார். விளையாட்டாகத்தான். என் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது.

கண் நிபுணர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அக்காவின் இரண்டு கண்களையும் நேரம் எடுத்துப் பார்த்தார். இடது கண்ணுக்குத் தன் அறையிலேயே லேசர் செய்தார். இருக்கும் பார்வை அப்படியே நிற்கலாம், அதற்கு மேல் தெளியாது. வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது, அதற்கு அறுவை செய்ய வேண்டும். "அது தியேட்டர்ல பண்றது. தியேட்டர் என்னோடது இல்ல, மருத்துவமனையோடது. அங்க என் பேச்சு எடுபடாது" என்றார். அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் லேசரோடு முடிந்திருக்கும் என்றார். அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மின்தூக்கியில் என்னிடம், "ரொம்ப நல்ல மனுசன்மா" என்றார்.

அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்துக்கு அந்த அறுவையைக் கேட்டுப் பார்த்தேன். முன்பணமே அக்காவாலும் என்னாலும் நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது. கட்டணச் சலுகைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.

ஒரு புதன்கிழமை மாலை நான் பிளாட்டுக்குப் போனபோது அக்கா கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். உட்காருங்கள் என்று என்னிடம் சொல்லவில்லை.

"பக்கத்து வீட்டுல செவுரு ஒடைக்கிறாங்கம்மா. காலைலேர்ந்து டிரில் சத்தம். கொலுசு கேக்கல. தம்பி கிரில் கதவச் சாத்தாம போயிட்டான் போல. எனக்குத் தெரியல. பாப்பா வெளிய போயிட்டா. படிக்கிட்ட நின்னிருக்கா. மூணாவது வீட்டு மலாய்க்கார மக்சிக்தான் தூக்கிட்டு வந்து குடுத்தாங்க."

நான் மகளின் தலை, கை, கால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை.

"இனிமே பாப்பாவ இங்க விடாதீங்க" என்றார் அக்கா. "நீங்களா சொல்ல மாட்டீங்க. உங்களுக்குச் சொல்ல வராது. நானே சொல்லிட்டேன்."

சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதும்போதுகூட வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இன்னொரு வழி பார்க்கலாம் அக்கா, பாசாரில் யாரிடமாவது வேலை கேட்கலாம், மனு என்ன ஆச்சு என்று விசாரிக்கிறேன் என்று வரிசையாக ஏதேதோ சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தாஸ்கா என்று இங்கே சொல்லும் குழந்தைகள் காப்பகம் ஒன்றின் பெயர் ஏற்கெனவே என் போனில் இருந்தது. கூட்டத்துக்கு முந்தைய வாரமே தேடி வைத்திருந்தேன்.

"தாஸ்காவுல கொலுசு போட விடுவாங்களா?" என்று கேட்டார்.

"நகை எதுவும் கூடாதுக்கா."

அக்கா தூங்கும் குழந்தையின் காலைத் தன் மடியில் நேராக்கினார். கட்டைவிரலால் கொலுசைச் சுற்றித் தடவி, திருகைக் கண்டுபிடித்து, மெதுவாகக் கழற்றினார். பக்கத்து வீட்டில் டிரில் நின்றிருந்தது. இரண்டாவது கொலுசுக்கு நேரம் பிடித்தது. நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

"இருங்கம்மா, இருங்க" என்றார். "எனக்கு இது தெரியும்."